கல் ஊன்றாத வளைவு

நீங்கள் டீ குடிக்கிற கோப்பை எங்கள் கம்பெனியில் செய்தது. அடியில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருக்கும். அந்த இடத்தில் மெருகு கிடையாது. மெருகு பூசினால் சூளையில் கோப்பை தட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்று துடைத்துவிடுவோம். எல்லாக் கோப்பைக்கும் அப்படி ஓர் இடம் உண்டு. வாங்குகிறவர்கள் கவிழ்த்துப் பார்ப்பதில்லை.

ஸ்டேஷனுக்கு அழைத்து நீங்கள் கேட்டது டாக்டர் சௌந்தரவல்லியைப் பற்றி. போன வருஷம் அவர் இறந்த பிறகு அலமாரியில் கிடைத்த நோட்டைப் பற்றி, அதோடு இருந்த பாட்டிலைப் பற்றி. வரிசையாகச் சொல்கிறேன். மறைத்து எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

என் பெயர் சபேசன். அப்பா கனகசபாபதி, விருத்தாசலத்தில் கணக்கு வாத்தியார். சென்னைக்கு மருத்துவம் படிக்கப் போனேன். இரண்டரை வருஷம் படித்தேன். யாரும் என்னை வெளியேற்றவில்லை. பிணம் அறுக்கும் வகுப்பில் நான்தான் முதல். பிறகு வார்டுக்கு அனுப்பினார்கள். அங்கே நோயாளிகள் பேசினார்கள். கையைப் பிடித்துக்கொண்டு, பிழைப்பேனா என்று கேட்டார்கள். என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அப்படியே ரயிலேறி வந்துவிட்டேன்.

பீங்கான் கம்பெனியில் இரவு ஷிப்டில் சூளை பார்க்கும் வேலை கிடைத்தது. சூளைக்குள் மூன்று சின்ன மண்கூம்புகளை நிறுத்தி வைப்போம். சூடு ஏற ஏற ஒவ்வொன்றாகத் தலை சாயும். இரண்டாவது சாய்ந்ததும் நிலக்கரியைக் குறைக்கவேண்டும். சின்ன ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும், அவ்வளவுதான் வேலை. எனக்குப் பிடித்திருந்தது. அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் என் காதில் விழும்படி சொல்வார்.

"டாக்டருக்குப் படிக்கப் போனவரு ஊறுகா ஜாடிக்குக் காவல் இருக்காரு."

உண்மைதான். எங்கள் சூளையில் பாதி ஊறுகாய் ஜாடி. மீதி ஃபியூஸ் கட்டை.

டாக்டரம்மா 1968இல் வந்தார். சிதம்பரத்துக்காரர், அப்போது வயது நாற்பத்திரண்டு. வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி டாக்டர். சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் எலிகளுக்குச் சுண்ணாம்புச் சத்தைக் கூட்டியும் குறைத்தும் கொடுத்து, எலும்பு எந்தப் பாரத்தில் உடைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவர். 1964இல் திருச்சியிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது உளுந்தூர்ப்பேட்டைக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் மரத்தில் மோதியது. இவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆறு பேர் செத்துப்போனார்கள். ஆறு பேருக்கும் முகத்தில் ஒரே உயரத்தில் ஒரே அகலத்தில் அடி. முன் சீட்டின் முதுகில் இருந்த இரும்புக் குழாய்தான் அது என்று அவருக்கு அங்கேயே புரிந்துவிட்டது. அளவுகோல் இல்லை. முந்தானையை நீட்டி, தரையிலிருந்து குழாய் வரை அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டார். அந்த முடிச்சை அவிழ்க்காமல் அப்படியே சென்னைக்குப் போனார்.

இதை அவர் பெருமையாகச் சொல்லவில்லை. "எல்லாரும் அழுதுட்டிருந்தாங்க சபேசன். நான் மட்டும் அளந்துட்டிருந்தேன். பக்கத்துல ஒரு பெரியவர் என்னைத் திட்டினார்" என்றார்.

சென்னைக்குப் போனதும் எலி ஆராய்ச்சியை விட்டுவிட்டார். கூட வேலை செய்தவர்கள், எலி பிடிக்கிறதை விட்டு லாரி பிடிக்கப் போய்விட்டாள் என்று சிரித்தார்களாம். அவர் பஸ் முதலாளிகளுக்கெல்லாம் கடிதம் எழுதினார், குழாய்க்கு மேல் தேங்காய் நார் வைத்துத் தைக்கச் சொல்லி. இருபத்தெட்டுக் கடிதத்தில் ஒருவர் கேட்டார். பிறகு எங்கே விபத்து என்றாலும் போய் அளந்தார். செத்தவர்களின் தலையைப் பார்த்து என்ன வேகத்தில் எதில் மோதினார்கள் என்று சொல்ல ஒரு வழி கண்டுபிடிக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்கு எலும்பு மாதிரியே உடையும் மண் தலைகள் வேண்டும். அதைக் கேட்டுத்தான் எங்கள் கம்பெனிக்கு வந்தார்.

முதலாளி சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பகலில் தூங்காமல் இரண்டு மாதம் செய்து பார்த்தேன். களிமண்ணோடு உமிச்சாம்பல் கலந்து, சூட்டைப் பாதியில் நிறுத்தி எடுத்தால் மண்டையோடு மாதிரியே விரிசல் விட்டது. பிணங்களிடம் நான் கற்றது அங்கே உதவியது. டாக்டரம்மா அந்தத் தலையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்க ஏன் படிப்ப விட்டீங்க?" என்றார்.

அடுத்த தலையை எடுத்து நீட்டினேன். அவர் மறுபடி கேட்கவில்லை. அன்றிலிருந்து பகலில், ஊரில் அவர் வாடகைக்கு எடுத்திருந்த அறையில், அவரோடு வேலை செய்தேன். வேப்பூர் ரோட்டில் எங்கே விபத்து நடந்தாலும் எனக்குத் தகவல் வரும்படி டிரைவர்களிடம் சொல்லி வைத்திருந்தோம். நான் சைக்கிளில் போய் அவரை அழைத்து வருவேன். அளக்கும் நாடாவின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை என் கையில். சக்கரத்தடத்தைப் படிப்பது, வளைவில் பிடி விட்ட வண்டி எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் போகும் என்று கணக்குப் போடுவது, எல்லாம் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் அவருக்கு மண்ணைச் சொல்லிக்கொடுத்தேன்.

என் வாழ்க்கையில் ஒருவர் என்னிடம் ஏதாவது கேட்டு, எனக்கு அதற்குப் பதில் தெரிந்திருந்தது அந்த மூன்று வருஷம்தான்.

வெள்ளைக்கல் என் யோசனை. வளைவுகளில் ரோடு எங்கே முடிகிறது என்று இருட்டிலும் மழையிலும் தெரிவதில்லை. முழங்கால் உயரத்துக்கு மண்கட்டை செய்து, வெள்ளை மெருகு பூசிச் சுட்டு, வளைவின் வெளி ஓரத்தில் வரிசையாக ஊன்றினால் லாரி விளக்கு பட்டதும் பளிச்சென்று தெரியும். சுண்ணாம்பு அடித்த கல் ஒரு மழையில் கரைந்துவிடும். இது கரையாது. டாக்டரம்மாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. தன் குறிப்பில் அதற்கு 'சபேசன் கல்' என்று பெயர் எழுதினார். நெடுஞ்சாலை ஆபீசுக்குப் போய், சென்னை-திருச்சி டிரங்க் ரோடு முழுவதும் இதை ஊன்றவேண்டும் என்று சொன்னார். அவர்கள் ஒரு வருஷம் சோதித்துக் காட்டச் சொன்னார்கள்.

விருத்தாசலத்திலிருந்து மேற்கே வேப்பூர் போகும் ரோட்டில் ஒரே மாதிரி இரண்டு வளைவுகள். முதலில் வருவது புளியமரத்து வளைவு. இரண்டு மைல் தள்ளி ஓடை வளைவு. அதற்கு முந்தைய வருஷம் இரண்டிலும் நாலு நாலு பேர் செத்திருந்தார்கள். ஓடை வளைவில் நாற்பது கல் ஊன்றினோம். புளியமரத்து வளைவில் ஊன்றக்கூடாது என்றார் டாக்டரம்மா.

"ரெண்டுலயும் வெச்சா என்னங்கம்மா? கல்லு நான் செஞ்சு தரேன்."

"ரெண்டுலயும் வெச்சா கல்லுனாலதான் சாவு குறைஞ்சுதுன்னு எப்படி நிரூபிக்கிறது? ஒண்ண வெறுமனே விட்டாத்தான் ஒப்பிட முடியும்."

நாடாவைச் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டுச் சொன்னார். "இந்த வருஷம் அங்க யாராவது விழுந்தா அது நான் தெரிஞ்சு விட்ட உசுரு. அதுவும் எனக்குத் தெரியும் சபேசன்."

இந்த வார்த்தையை நீங்கள் எழுதிக்கொள்ளவேண்டும் என்று விரும்புகிறேன். இது நான் சொன்னது இல்லை. அவர் சொன்னது.

புளியமரத்து வளைவின் வெளி ஓரத்தில், நடுவில், வீராயி அக்காவின் டீக்கடை இருந்தது. கீற்றுக் கொட்டகை. அவரும் அவர் வீட்டுக்காரர் கலியமூர்த்தியும் நடத்தினார்கள். கொட்டகையின் முன்காலில் வீராயி அக்கா சுண்ணாம்பால் புள்ளி வைப்பார். அந்த வளைவில் ஒருவர் செத்தால் ஒரு புள்ளி. யாரும் அவரை வைக்கச் சொல்லவில்லை. போலீஸ் கணக்கைவிட அந்தக் கால் சரியான கணக்கு என்று டாக்டரம்மா சொல்வார். கம்பெனியில் கழித்துப் போட்ட கோப்பைகளை நான் அங்கே கொண்டுபோய்க் கொடுப்பேன். கோணல் கோப்பை. அதில்தான் டீ கொடுப்பார்.

வீராயி அக்கா என்னை 'அர டாக்டரு' என்று கூப்பிடுவார். மற்றவர்கள் சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

"யாரு, அர டாக்டரா? வா தம்பி. முழு டாக்டரு வரலியா இன்னிக்கு?"

"சாயங்காலம் வராங்கக்கா."

"வந்தா நான் கேட்டேன்னு சொல்லு. அந்த வளைவுக்கு வரிசையா பல்லு கட்டி வுட்டீங்க. எங்க வளைவு பொக்கவாயாவே கெடக்குது. நாங்க இன்னா பாவம் பண்ணோம்?"

கலியமூர்த்தி அடுப்புக்குப் பின்னாலிருந்து, "ஒனக்கே கடவாப் பல்லு ரெண்டு இல்ல. மொதல்ல அதக் கட்டச் சொல்லு" என்பார்.

"எனக்கு பல்லு இல்லன்னா நான் கஞ்சி குடிப்பேன். ரோட்டுக்கு பல்லு இல்லன்னா ரோடு ஆள முழுங்குது. நீ சும்மா கெட."

அடுத்த தையில் வைத்துவிடுவோம் என்று நான் சொன்னேன். சோதனை வெற்றி பெற்றால் அதுதான் நடந்திருக்கும். நான் பொய் சொல்லவில்லை.

வருஷம் நல்ல வருஷமாகப் போய்விட்டது. அதுதான் பிரச்சினை. கரும்பு விளைச்சல் குறைவு, அதனால் லாரிகளும் குறைவு. ஜனவரி 71 பிறந்தபோது புளியமரத்து வளைவில் ஒரே ஒரு சாவு. கல் ஊன்றிய ஓடை வளைவிலும் ஒன்று. அந்த ஒன்றும் எப்படி என்றால், கள்ளு குடித்த ஓர் ஆள் பட்டப்பகலில் சைக்கிளோடு ஓடைக்குள் விழுந்தான். கல்லுக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லை. அவனை நீக்கிவிடலாம் என்று சொன்னேன்.

"விழுந்தவர் விழுந்தவர்தான்" என்றார் டாக்டரம்மா. "நமக்குப் பிடிக்கலன்னு ஒரு ஆள நீக்க ஆரம்பிச்சா அப்புறம் இது ஆராய்ச்சி இல்ல."

நெடுஞ்சாலை ஆபீசின் படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான். மரணம். காயம் பட்டவர்களுக்குக் கட்டம் இல்லை, வண்டி சேதத்துக்கும் இல்லை. ஒன்றுக்கு ஒன்று என்று எழுதினால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். கல் பயனில்லை என்று ஃபைலை மூடிவிடுவார்கள். டிரங்க் ரோட்டில் இருநூறு வளைவுகள் அப்படியே கிடக்கும். டாக்டரம்மா மறுபடி எலிகளிடம் போய்விடுவார். நான் சூளை ஓட்டைக்கு முன்னால் உட்காருவேன். நெடுஞ்சாலை இன்ஜினியர் வந்து கணக்கு எடுக்கப் பதினாறு நாள் இருந்தது.

டாக்டரம்மா மூட்டை கட்ட ஆரம்பித்தார். மண் தலைகளை வைக்கோலில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். ஒன்றை என்னிடம் கொடுத்து, "இது நீங்க வெச்சுக்குங்க" என்றார். அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன். வார்டில். பிழைப்பேனா என்று கேட்பவர்களின் முகம். இந்த முறை எனக்குப் பதில் தெரியும் என்று தோன்றியது.

அச்சில் ஊற்றும் களிமண் கரைசலை நாங்கள் ஸ்லிப் என்போம். ஆலையில் அரைத்து, சல்லடையில் சலித்து, சிலிகேட் கலப்போம். சிலிகேட் கலந்தால் தண்ணீர் அதிகம் சேர்க்காமலே கெட்டி மண் பால் மாதிரி ஓடும். தரையில் கொட்டினால் அதில் யாரும் நிற்க முடியாது. கம்பெனியில் அதில் வழுக்கி விழாதவர் இல்லை. வேப்பூர் ரோட்டில் கம்பெனிக்கு வெள்ளை மண் ஏற்றிவரும் லாரிகள் எப்போதும் மண்ணைச் சிந்திக்கொண்டே போகும். ரோட்டில் வெள்ளையாகக் கொஞ்சம் கிடந்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

பொங்கல் முடிந்து ஐந்தாம் நாள், பிற்பகல், தூறல். இரண்டு மண்ணெண்ணெய் டின்களில் ஸ்லிப் எடுத்துக்கொண்டு சைக்கிளில் போனேன். கடைக்கு மேற்கே, ஏறத்தாழ நாற்பதடி தள்ளி, வளைவு ஆரம்பிக்கும் இடத்தில் ஊற்றினேன். காலி டின்களோடு வயல் வரப்பு வழியாகத் திரும்பினேன்.

எனக்கு யாரையும் கொல்லும் எண்ணம் இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு லாரி சரிந்தால் போதும் என்று நினைத்தேன். வெறும் வளைவு ஆபத்தானது என்று இன்ஜினியர் கண்ணால் பார்த்துவிட்டுப் போகட்டும். வரப்பில் நின்று பார்த்தேன். முதலில் வேப்பூரிலிருந்து பஸ் வந்தது. பின்பக்கம் லேசாக ஆடியது, டிரைவர் பிடித்துக்கொண்டார், போய்விட்டது. ஜன்னல் ஓரத்தில் குழந்தைகள் இருந்தார்கள். எனக்கு மூச்சு வந்தது. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

அதற்குப் பத்து நிமிஷம் கழித்து வேர்க்கடலை மூட்டை ஏற்றிய லாரி வந்தது. ஓட்டியவர் அர்ச்சுனன், நல்லூர்க்காரர். வேகமாக வரவில்லை. நான் பார்த்தேன், முப்பது மைலுக்கு மேல் இல்லை. பிடி விட்டதும் லாரி திரும்பாமல் நேராகப் போனது. கொட்டகைக்குள் போனது.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். விபத்து நடந்தால் முதலில் அவருக்குத் தகவல் சொல்வது என் வேலை. வீராயி அக்கா அரை மணி நேரம் உயிரோடு இருந்தார் என்று பிறகு கலியமூர்த்தி சொன்னார். தொடையில் ரத்தக்குழாய் அறுந்திருந்தது. அதை எங்கே அழுத்திப் பிடிக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்தத் தேர்விலும் நான்தான் முதல்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முடிந்திருந்தது. நான் நாடாவின் முனையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டரம்மா சக்கரத்தடத்தை அளந்தார். வளைவின் இரண்டு ஓரமும் நடந்து பார்த்தார். மேற்கே வந்ததும் குனிந்து ரோட்டிலிருந்த மண்ணை விரலில் எடுத்துத் தேய்த்தார். அரைக்காத, சலிக்காத பச்சை மண்ணில் மணல் நறநறக்கும். இது நறநறக்கவில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை. பைக்குள்ளிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மண்ணை வழித்துப் போட்டு மூடினார். உங்கள் மேசையில் இருப்பது அந்தப் பாட்டில்தான்.

மறுநாள் காலை கலியமூர்த்தி எங்கள் அறைக்கு வந்தார். சுடுகாட்டில் பால் தெளித்துக் காடாத்து முடித்த கையோடு வந்திருந்தார். தோளில் கொட்டகையின் முன்காலைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் வரிசையாகச் சுண்ணாம்புப் புள்ளிகள். சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தார்.

"அவதான் புள்ளி வெப்பா. எனுக்கு ஒழுங்கா வெக்க வராதுங்கம்மா. நீங்க கணக்கு வெச்சிருக்கீங்க இல்ல. இவுளுக்கும் ஒண்ணு வெச்சிடுங்க."

டாக்டரம்மா சுண்ணாம்பைக் குழைத்தார். விரலை எடுக்கும்போது புள்ளி கொஞ்சம் நீண்டுவிட்டது. கலியமூர்த்தி அதைப் பார்த்து, "அவளும் இப்டித்தான் இழுத்து வுடுவா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, அவ கடைசியா ஒன்னத்தான் கேட்டா. அர டாக்டர கூப்புடு, அர டாக்டர கூப்புடுன்னா. நான் எங்க போயி ஒன்னத் தேடுவேன்" என்றார்.

நான் தலையாட்டினேன்.

மூன்று நாள் டாக்டரம்மா என்னோடு பேசவில்லை. மேசையில் இரண்டு கண்ணாடி டம்ளர் வைத்திருந்தார். ஒன்றில் மண் லாரியிலிருந்து எடுத்த பச்சை மண்ணைக் கரைத்திருந்தார். மற்றதில் பாட்டில் மண். பச்சை மண் ஒரு மணி நேரத்தில் அடியில் தங்கிவிடும், மேலே தண்ணீர் தெளியும். சிலிகேட் கலந்தது நாள் கணக்கில் தெளியாமல் பாலாகவே நிற்கும். இந்தச் சோதனையை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். மூன்றாம் நாளும் அந்த டம்ளர் பாலாகவே இருந்தது.

"எந்த இடத்துல ஊத்துனீங்க?" என்றார்.

"கடைக்கு மேற்கங்கம்மா."

"ஏன் மேற்க?"

"சைக்கிள் அங்க நின்னுது."

எழுதிக்கொண்டார். வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள். அவர் பேனாவை மூடிவிட்டு அந்தச் சுண்ணாம்புக் காலைப் பார்த்தார்.

"உங்கள போலீஸ்ல சொல்லணும். ஆனா என்னன்னு சொல்லுவேன்? ஒரு வளைவ வெறுமனே விட்டுட்டு யாராவது விழுவாங்களான்னு ஒரு வருஷம் காத்துட்டிருந்தவ நான். நீங்க காத்திருக்கல. அவ்வளவுதான் வித்தியாசம்னு இந்த மூணு நாளா தோணுது. அது தப்பா சரியான்னு எனக்குத் தெரியல. போயிடுங்க சபேசன்."

அவர் சொன்னது சரி என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

ஆனால் அதற்குப் பிறகு அவர் செய்தது சரியில்லை. இன்ஜினியர் வந்தபோது, சோதனை செல்லாது என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். காரணம் எழுதவில்லை. இரண்டுக்கு ஒன்று என்று எழுதியிருந்தால் போதும். கல் வந்திருக்கும். வீராயி அக்கா செத்ததற்கும் ஓர் அர்த்தம் இருந்திருக்கும். அவர் அதை வீணாக்கிவிட்டார். நெடுஞ்சாலைக்காரர்கள் ரோட்டை அகலப்படுத்தியபோது ஓடை வளைவின் கல்லையும் பிடுங்கிப் போட்டார்கள். ஊர்க்காரர்கள் எடுத்துக்கொண்டுபோய்க் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். புளியமரத்து வளைவில் இந்த ஏழு வருஷத்தில் இன்னும் ஐந்து பேர் செத்திருக்கிறார்கள். நான் எண்ணிக்கொண்டுதான் வருகிறேன். என் கணக்கில் ஒன்று. அவர் கணக்கில் ஐந்து.

அர்ச்சுனனுக்கு ஒரு வருஷம் தண்டனை கொடுத்தார்கள், கண்மூடித்தனமாக ஓட்டினார் என்று. வெளியே வந்த பிறகு அவர் லாரி ஏறவில்லை. நல்லூரில் மாடு வைத்துப் பிழைப்பதாகக் கேள்வி. அவருக்கு அப்போது கால் உடைந்திருந்தது, எப்படியும் ஓட்டியிருக்க முடியாது.

டாக்டரம்மா சென்னைக்குப் போய் மறுபடி எலி எலும்பை உடைத்தார். ஒரு விபத்தையும் அவர் அதற்குப் பிறகு அளக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. போன ஆனியில் பேப்பரில் நாலு வரிச் செய்தி வந்தது. எலும்பு ஆராய்ச்சியாளர் என்று போட்டிருந்தார்கள். ரோட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கு ஷிப்டில் மூன்று கூம்பும் சாய்ந்ததை நான் பார்க்கவில்லை. ஒரு சூளை ஜாடி உருகிப்போனது. பத்து வருஷத்தில் அது ஒன்றுதான் நான் செய்த தவறு.

இப்போது நீங்கள் நோட்டைத் திருப்பி அந்தப் படத்தைக் காட்டுகிறீர்கள். அவர் அன்று அந்த இடத்திலேயே நின்று வரைந்தது. ரோடு, வளைவு, கொட்டகை, சக்கரத்தடம். மேற்கே ஒரு சாய்கோடு, மண் கிடந்த இடம். கிழக்கே, புளியமரத்துக்கு அடியில், ஒரு சின்ன வட்டம். அது என்ன என்று கேட்கிறீர்கள்.

சைக்கிள் ஸ்டாண்டு ஊன்றிய குழி. ஈர மண்ணில் பதிந்திருக்கிறது. பக்கத்தில் டயர் தடமும் வரைந்திருக்கிறார். அப்படியானால் நான் பொய் சொன்னபோதே அவருக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதிக்கொண்டார். ஒரு முறை சொல்லியிருக்கலாம்.

விருத்தாசலத்திலிருந்து போனால் புளியமரம்தான் முதலில் வரும். சைக்கிளை அங்கேதான் நிறுத்தினேன். கடையைத் தாண்டாமல் மரத்துக்குப் பக்கத்திலேயே ஊற்றியிருந்தால் லாரி கொட்டகையைக் கடந்து வந்து, அறுத்துப் போட்ட கம்பங்கொல்லைக்குள் போய் நின்றிருக்கும். அர்ச்சுனன் இறங்கி நாலு கெட்ட வார்த்தை பேசியிருப்பார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

டின்கள் இரண்டும் கனம். தூக்கிக்கொண்டு கடை வாசல் வழியாகத்தான் மேற்கே போகவேண்டும். கலியமூர்த்தி தண்ணீர் எடுக்கப் போயிருந்தார், வீராயி அக்கா பார்த்துவிட்டார். கீழே வைத்துவிட்டு ஒரு வாய் டீ குடி என்றார். வைத்தேன். கோணல் கோப்பையில் கொடுத்தார். டின்னுக்குள் எட்டிப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது.

"இன்னா தம்பி, எங்க வளைவுக்கு பல்லு கட்ட வந்துட்டியா?"

ஆமாம் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு டீ ஊற்றினார். அதையும் குடித்துவிட்டுத்தான் போனேன்.